ஒரே நாளில் புதுப்பித்துத் தரப்படும்

"துப்பாக்கி எங்கம்மா?" என்று கேட்டார் கிளார்க் சுப்பையன்.

சௌந்திரத்துக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கவில்லை. விண்ணப்பம், சலான், போட்டோ, பழைய லைசென்ஸ் என்று எல்லாவற்றையும் மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருந்தாள். தாலுகா ஆபீஸ் வாசலில் கட்டியிருந்த துணியில், துப்பாக்கி உரிமம் எளிய முறையில் ஒரே நாளில் புதுப்பித்துத் தரப்படும், சிறப்பு முகாம், இன்று மட்டும் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதை நம்பித்தான் முதல் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"ஸ்டேஷன்ல இருக்குதுங்க. எலக்சனுக்கு ஒப்படைக்கச் சொன்னாங்க, ஒப்படைச்சேன்."

"அது மார்கழி எலக்சன். அப்புறம் வைகாசியில இன்னொண்ணே முடிஞ்சு போச்சு. திருப்பி வாங்கலையா?"

"அங்க இருக்கும்போதே லைசென்ஸ் தேதி முடிஞ்சு போச்சுங்க. புதுப்பிச்சுட்டு வா, தாரோம்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்குத்தானுங்க வந்திருக்கேன்."

"சரிதாம்மா. ஆனா துப்பாக்கிய நேர்ல பாத்து, நம்பர் ஒத்துப் போனாத்தான் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். முன்ன மாதிரி சேலம் வரைக்கும் அலைய வேண்டியதில்ல. கொண்டாந்து காட்டினாப் போதும். அதான் எளிய முறை." காகிதங்களை அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது.

அந்த ரிவால்வர் அவள் புருஷன் கந்தப்பனுடையது. அவன் மாரடைப்பில் போன பிறகு அவள் தன் பெயருக்கு மாற்றக் கேட்டபோது, பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்காத ஆபீஸ் இல்லை; அலைந்துதான் மாற்றி வாங்கினாள். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நாலு பக்கமும் மரவள்ளிக் காடு சூழ்ந்த தோட்டத்து வீட்டில் அவளும் கண் தெரியாத மாமனார் நாச்சிமுத்துவும் மட்டும்தான். போன வருஷம் ஒரு சாயங்காலம் காட்டுக்குள் ஆள் அரவம் கேட்டு வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டாள். மரவள்ளிக் குச்சிகள் முறிய யார் யாரோ ஓடினார்கள். அந்த ஒரு சத்தத்துக்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. ரிவால்வர் ஸ்டேஷனுக்குப் போன பிறகு பக்கத்துத் தோட்டத்தில் திருடர்கள் புகுந்து அங்கிருந்த பெரியவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். போன வாரம் இவள் வீட்டு நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. காலையில் கிளம்பும்போது நாச்சிமுத்து, "இன்னைக்காச்சும் முடிச்சுப்போட்டு வா சாமி" என்றார். அவர் கைத்தடியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயிலில் நடந்து ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு சண்முகவேல் அவளைக் கண்டதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"லைசென்ஸ் வந்துருச்சுங்களா?"

"துப்பாக்கியக் காட்டினாத்தான் லைசென்ஸ்ங்கறாங்க."

"லைசென்ஸ் இல்லாத கையில குடுத்தா என் வேலை போயிருமுங்க."

"என் கையில குடுக்க வேண்டாமுங்க. நீங்களே எடுத்துட்டு வந்து காட்டுங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

"அதுக்கு இன்ஸ்பெக்டர் உத்தரவு வேணும். அவரு தேர் பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு. வர ரெண்டு நாளாகும்."

"நாளைக்கு இந்தக் கேம்ப் இருக்காதுங்க!" தன் குரல் அவ்வளவு உயரும் என்று அவளே நினைக்கவில்லை. "ஆளில்லாத காட்டுல திருடன் வந்து நின்னா, உத்தரவு வாங்கிட்டு வாடான்னு அவனையும் திருப்பி அனுப்பிச்சு உடட்டுங்களா? எனக்கு இருந்த ஒரே காவலை நீங்கதான வாங்கி வெச்சீங்க? நீங்கதான காக்கோணும்?"

உள்ளேயிருந்த கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ரத்தத்தோடு கிடந்ததை வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனவர் சண்முகவேல்தான். அவர் சாவிக்கொத்தை எடுத்தார்.

"முன்னால நடங்க. வாரேன்" என்றார்.

அவர்கள் தாலுகா ஆபீசுக்குள் நுழைந்தபோது வாசல் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் ஜீப்பில் ஏறப்போனார். சௌந்திரம் யோசிக்காமல் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். சுப்பையன் ஓடிவந்து ஏதோ சொல்ல, தாசில்தார் ஒரு காலை உள்ளே வைத்தபடியே, "சரி, காட்டுங்க" என்றார்.

ஏட்டு ரிவால்வரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்த துண்டைப் பிரித்தார். அது துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது.

"மழையில கூரை ஒழுகுச்சுங்க" என்று முணுமுணுத்தார்.

தாசில்தார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "நம்பரே தெரியலையே. இதை எப்படிம்மா ஒத்துப் பாக்கறது? இது சுடுமா?"

"நான் ஒப்படைச்சப்பச் சுட்டுதுங்க" என்றாள் சௌந்திரம்.

அவள் எதிர்த்த டீக்கடைக்குப் போய், ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் முந்தானை நுனியை நனைத்துக்கொண்டு வந்தாள். கை நீட்டியதும் ஏட்டு பின்வாங்கினார்.

"லைசென்ஸ் இல்லாம நீங்க தொடக்கூடாதுங்க."

"அப்ப நீங்க புடிச்சுக்குங்க."

சண்முகவேல் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் துரு மேல் முந்தானையை வைத்துத் தேய்த்தாள். ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. சுப்பையன் பழைய லைசென்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தார். துரு கரைந்த செந்நிற மண்ணெண்ணெய் ஏட்டின் விரல் இடுக்கில் வழிந்தது. முதலில் ஒரு மூன்று தெரிந்தது. பக்கத்தில் எட்டா, பூஜ்யமா என்று தெரியாத ஒரு வளைவு. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.