இருநூறு சொற்களுக்குத்தான் இடம்

கிள்ளானிலிருந்து இஸ்ஹாக் மூன்றாவது முறையாகத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். கோபப்படவில்லை. பார்வையற்றோர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இந்தத் தடவையும் தன் பெயர் 'இஷாக்' என்றே விரலில் படுகிறது என்று மலாயில் சொன்னார். சிரமம் கொடுப்பதற்கு மன்னிப்பும் கேட்டார்.

அந்த மன்னிப்புதான் சந்திரகலாவை உறுத்தியது. பிரிக்பீல்ட்ஸ் பிரெய்ல் அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாக விரலால் தடவிப் பிழை பார்ப்பவள் அவள். ஆனால் பாடப்புத்தகங்கள்தான் அவளிடம் வரும். உறுப்பினர் பட்டியல் நேரே தபாலுக்குப் போய்விடும். ஆங்கில பிரெய்லில் எஸ்ஸும் எச்சும் அடுத்தடுத்து வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே குறி. இந்தப் பெயரில் அவை பிரிந்து ஒலிக்க வேண்டும். போன வருஷம் வந்த, எழுத்தைப் பிரெய்லாக்கும் கம்ப்யூட்டருக்கு அது எங்கே தெரியும்?

இப்படிப் பிரித்துப் போட வேண்டிய சொற்களின் விதிவிலக்கு வரிசையில் இந்தப் பெயரைச் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மத்தியானம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சபாபதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"சேர்க்க முடியலக்கா. இருநூறு சொல்லுக்குத்தான் எடம். ஃபுல் ஆயிருச்சு லா. ஒண்ண எடுத்தாத்தான் இன்னொண்ணு போடலாம்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

எதை எடுக்கலாம் என்று பார்க்க அவன் வரிசையை ஒவ்வொன்றாக வாசித்தான். ஊர்ப் பெயர்கள், மருந்துகள், பூச்சிகள். எல்லாம் அவளே ஒரு சமயம் கெஞ்சிச் சேர்க்க வைத்தவை. இருக்கட்டும், இருக்கட்டும் என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். வாங்கி வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று. நூற்றுப் பதினேழாவதாக 'ஹாக்ஸ்ஹெட்' வந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய பீப்பாய்க்கு அப்படிப் பெயர்.

"இங்க யாருக்கு அது? எடுத்துரு."

அடுத்த பட்டியலில் இஸ்ஹாக் இஸ்ஹாக்காகவே போனார். கூப்பிட்டு நன்றி சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஆறாம் படிவ மாணவர்களுக்கான ஆங்கில நாவல் ஒன்று மேசைக்கு வந்தது. கதை நடப்பது துறைமுகச் சாராயக் கிடங்கில். நாலாம் பக்கத்திலேயே பீப்பாய்கள் தொடங்கிவிட்டன, எல்லாம் 'ஹாக்-ஷெட்'. சந்திரகலா தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சபாபதியைக் கூப்பிட்டாள்.

புத்தகம் முடியும்வரை இஸ்ஹாக்கை எடுத்துவிட்டு, அப்புறம் திரும்பப் போட்டுக்கொள்ளலாமா என்று சபாபதி கேட்டான்.

"வேணாம்பா. அப்புறம் மறந்துருவோம். அவரு இருக்கட்டும். நான் பக்கம் பக்கமா குறிச்சுத் தரேன், நீ கையால பிரிச்சுப் போடு."

முந்நூற்று நாற்பது பக்கம். ஐந்து மணிக்குள் நாற்பது பக்கம்தான் முடிந்தது. செந்தூல் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்தபோது விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன.