கார் குடித்த தண்ணீர்

சண்முகராஜா மாமாவின் காரில் ஐந்து பேர் போகலாம். அன்று நாங்கள் நான்கு பேர்தான்: என்னை அழைத்துப்போக வந்த மாமா, அத்தை, அவர்கள் மகன் கிஷாந்த், நான். ஐந்தாவது இடத்தில் பழத்தட்டு உட்கார்ந்திருந்தது. அதனால் என் அப்பாவும் அம்மாவும் காலையிலேயே பஸ் ஏறி அட்டனுக்குப் போய்விட்டார்கள். என்னைப் பெற்றவர்களைவிட ஆப்பிளுக்கு மரியாதை அதிகம் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

எனக்கும் கிஷாந்துக்கும் அன்று பதிவுத் திருமணம். வியாழக்கிழமை, ஒன்றரை மணிக்கு ராகுகாலம். அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. அவருக்கு அட்டன் பஜாரில் புடவைக் கடை. நான் வட்டவளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை; அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். சாதி ஒன்றுதான் என்றாலும் தோட்டத்து வரிசை வீடான லயத்துப் பெண்ணாயிற்றே என்று அழகம்மை அத்தை ஆறு மாதம் முகத்தைச் சுளித்தார். என் சம்பளத்தைக் கேட்ட பிறகு சுளிப்பு கொஞ்சம் குறைந்தது.

“நான் எங்க வீட்டு ஆளுங்க மாதிரி இல்ல லோஜி” என்று கிஷாந்த் வாட்ஸ்அப்பில் அடிக்கடி எழுதுவான். அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் சம்மதித்தேன். அது உண்மையா பொய்யா என்ற கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

மாமா கோயில் சபையின் தலைவர். அது ஊருக்குத் தெரிந்தால் போதாது, எதிரே வருகிற லொறிக்கும் தெரிய வேண்டும். காரின் முன்பக்கச் சல்லடையை முழுக்க மூடி, ‘தலைவர், ஆலய பரிபாலன சபை’ என்று ஒரு பெரிய பலகை கட்டியிருந்தார். விசேஷ நாளாயிற்றே என்று அதன்மேல் கை மொத்தத்தில் ஒரு மாலை வேறு. மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்த மார்ச் மாத வெயில், ஏற்றப் பாதை, உள்ளே ஏசி. பாதி வழியில் கார் பொங்கிவிட்டது.

மாமா இறங்கினார். “ஒண்ணும் இல்ல, சின்ன சூடு” என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். சின்ன சூடு சீறிக்கொண்டு எழுந்து அவருடைய பட்டு வேட்டியை நனைத்தது. தலைவர் துள்ளிக் குதித்ததைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் பரம திருப்தி.

பக்கத்திலேயே கொழுந்து நிறுக்கும் மடுவம். கூடைகளோடு நின்ற பெண்களில் ஒருவர் இறங்கி வந்தார். ராக்காயி என்று பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். காரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மொதலாளி, காத்துப் போற எடத்த அடைச்சுல்ல வச்சிருக்கீங்க. அந்தப் பலகைய கழட்டுங்க.”

“அது சாமி காரியம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல” என்றார் மாமா. பலகையில் சாமியின் பெயர் எறும்பு அளவிலும் அவருடைய பெயர் எருமை அளவிலும் இருந்தது.

ராக்காயி வாதாடவில்லை. இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு கீழே லயத்துப் பீலிக்குப் போய், மூன்று கேன் தண்ணீர் சுமந்து வந்தார். அந்த வெயிலில், சாப்பாட்டு நேரத்தில். கார் ஆறியதும் பார்த்துப் பார்த்து அவரே ஊற்றினார். பிறகு குளித்துவிட்டு வந்தது போல் வியர்த்திருந்த எங்களைப் பார்த்துப் பாவப்பட்டு, தன் போத்தலில் இருந்த தேத்தண்ணியை மூன்று கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார். மாமாவுக்குச் சீனி வியாதி என்று அத்தை சொல்லிவிட்டதால் அவருக்கு இல்லை.

நான் ஒரே மூச்சில் குடித்தேன். அத்தை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நீங்க மேட்டு லயமா, பணிய லயமா?”

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். சாதியை வாய்விட்டுக் கேட்க நாகரிகம் தடுக்கிறவர்கள் லயத்தைக் கேட்பார்கள்; கீழே இருக்கிற பணிய லயம் என்றால் தாழ்த்தப்பட்டவர்கள் என்று கணக்கு.

“பணிய லயம்” என்றார் ராக்காயி, தலையை நிமிர்த்தி.

அத்தை கோப்பையை மதகுக் கட்டையில் வைத்தார். “வயிறு சரியில்ல” என்றார். பிறகு மகனைப் பார்த்தார். தாகத்தில் கிஷாந்தின் உதடு வெடித்திருந்தது. கோப்பை வாய்க்கருகில் இருந்தது. அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கோப்பையை மெதுவாக அத்தையின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அத்தை, அவங்க கொண்டாந்த தண்ணி காருக்கு மட்டும் ஆகுமா?” என்று கேட்டேன்.

“காரு இரும்புதானே லோஜினி” என்றார், குழந்தைக்கு விளக்குவது போல.

கிஷாந்த் என்னை ஓரமாக இழுத்துக் காதோடு சொன்னான். “இன்னைக்கு மட்டும் பேசாம இரு லோஜி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் நீ யாருகிட்ட வேணாலும் வாங்கிக் குடி.”

யாருக்கு வேண்டும் இவன் அனுமதி? எனக்குக் கோபத்தைவிட அருவருப்புத்தான் வந்தது. அத்தையாவது வெளிப்படையாகச் செய்தார்.

“ஏறும்மா, நேரமாகுது” என்றார் மாமா.

“நான் ஏறல மாமா. நீங்க போங்க.”

அவர்கள் கெஞ்சினார்கள், அதட்டினார்கள். கடைசியில், அட்டனில் பெரியவர்கள் முன்னால் பேசிக்கொள்ளலாம் என்று கார் கிளம்பியது. கிஷாந்த் இறங்கி வருவான் என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் ராக்காயியிடம் திரும்பினேன். அவர் முகம் கடுகடுவென்றிருந்தது.

“நீ பாட்டுக்கு நின்னுட்ட. நாளைக்கு என்ன பேசுவாங்க தெரியுமா? பணிய லயத்துக்காரி என்னத்தையோ குடுத்து பொண்ணு மனச கலைச்சுட்டான்னு பேசுவாங்க. அந்தப் பேரு எனக்கு எதுக்கு?”

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. சுருக்கென்றது.

“உங்களால இல்லக்கா. அவனாலதான்.”

“எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அங்க போய் எல்லாரு முன்னாடியும் சொல்லு.”

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பதிவு அலுவலகத்தில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். மேசைமேல் பேனா தயாராக இருந்தது. நின்றுகொண்டே சொன்னேன், பதிவாளருக்கும் சாட்சிக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி.

“நமக்காகத் தண்ணி சுமந்தவங்க குடுத்த தேத்தண்ணிய, அவங்க பணிய லயம்னு தெரிஞ்சதும் இவர் குடிக்காம கீழ வச்சாரு. அதனால நான் கையெழுத்துப் போடல.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா எழுந்து கிஷாந்தின் முன்னால் போய் நின்றார்.

“தாகமா இருந்துச்சா தம்பி?”

“ரொம்ப தாகமா இருந்துச்சு மாமா” என்றான் கிஷாந்த்.

அப்பா குடையை எடுத்துக்கொண்டு, “வாம்மா, போகலாம்” என்றார்.