இரண்டு விநாடி விழுந்தவன்

அந்த இயக்குநருக்கு யூனிட் வைத்த பெயர் ‘ஒரிஜினல்’. மழைக் காட்சி என்றால் நிஜ மழை வரும்வரை ஐம்பது பேர் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். கன்னத்தில் அறைவது என்றால் நிஜமாகவே அறைய வேண்டும். அறை வாங்குவது எப்போதும் அடுத்தவன் கன்னம் என்பதால் இந்தக் கொள்கையில் அவருக்கு இதுவரை ஒரு குறையும் தெரியவில்லை.

இந்தப் படத்தில் கதாநாயகன் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து கால்வாயில் குதிக்க வேண்டும். அறுபத்து நாலு அடி. கதாநாயகனா குதிப்பார்? அவர் காரிலிருந்து இறங்கவே இரண்டு பேர் கதவைப் பிடிக்க வேண்டும். குதிக்கப் போகிறவன் அவருடைய டூப். அந்த டூப், பிலிம் கழுவுகிற லேபில் ஆப்டிக்கல் பிரிண்டர் என்ற, ஒரு பிலிமின் மேல் இன்னொன்றைப் பதிக்கிற மெஷினை ஓட்டும் அக்காவின் கூடப் பிறந்த தம்பி. லேபில் எல்லோருக்கும் அவள் அக்காதான், வயசில் மூத்தவர்களுக்குக்கூட.

விஷயம் காதில் விழுந்ததும் அக்கா கால்வாய்க்கே போய்ப் பார்த்தாள். தண்ணீர் பச்சையாக, அடி தெரியாமல் கிடந்தது. ஒன்பது அடி ஆழம் என்றார் ஒருவர். ஆறுதான் இருக்கும் என்றார் இன்னொருவர். அளந்து பார்த்தவர் யாருமில்லை. நடிகரின் தொப்பிக்கு மூன்று முறை தலையை அளந்தவர்கள், ஒரு உயிர் விழப் போகிற இடத்தில் ஒரு கம்பை விட்டுப் பார்க்கவில்லை.

நேரே ஒரிஜினலிடம் போனாள்.

“சார், அவன் குதிக்க வேண்டாம். தொட்டியும் கால்வாயும் காலியா ஏற்கெனவே எடுத்திருக்கீங்க. அவனை நான் தனியா எடுத்து, ரெண்டையும் ஒரே பிலிம்ல சேத்துத் தர்றேன்.”

அவர் சிரித்தார். “ஏம்மா, பாக்கறவன் என்ன மடையனா? நிஜமா விழற உடம்புக்கு ஒரு கனம் இருக்கு. அது உன் மெஷின்ல வராது. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் குதிக்கிறான். வேணும்னா வந்து பாரு.”

கனமாம்! ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவனைக் கேட்டால் தெரியும் கனம். பதில் நுனி நாக்குவரை வந்துவிட்டது. தம்பியின் பிழைப்பு அந்த ஆளின் கையில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அன்றைக்கே முடிவு செய்தாள். சொன்னால் நம்பாதவனுக்குக் காட்டிவிட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை லேபின் பின்கட்டில் சுவர் முழுக்கக் கறுப்பு வெல்வெட் தொங்கியது. முன்னால் நாலு அடி மேஜை, அதன் கீழே கறுப்புத் துணி போர்த்திய மூன்று மெத்தை. தம்பியின் தலைமுடி கறுப்பில் கறுப்பாகக் காணாமல் போய்விடும் என்று பவுடரை அள்ளி அப்பினாள்.

“கிழவன் மாதிரி ஆக்கிட்டியேக்கா.”

“பேசாம ஏறு. விழறப்ப கையைக் காலை நாலு மடங்கு வேகமா உதறணும்.”

“எதுக்கு?”

“கேமரா நாலு மடங்கு வேகமா ஓடுது. திரையில நாலு மடங்கு மெதுவா விழுவ. நாலு அடியில இருந்து அரை விநாடி விழுந்தா, அங்க ரெண்டு விநாடி ஆகும். அறுபத்து நாலு அடியில இருந்து விழவும் அதே ரெண்டு விநாடிதான்.”

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, சட்டைக்குள் கட்டெறும்பு புகுந்தவன் போல உதறிக்கொண்டு பதினோரு தடவை விழுந்தான். ஒன்பதாவது அவளுக்குப் பிடித்தது. பிலிமில் அது நாற்பத்தெட்டு தனித்தனிப் படங்கள்.

பிறகு ஆரம்பித்தது பிரிண்டர் வேலை. முதலில் அவனுடைய உருவத்தைக் கறுப்பு வெள்ளை தவிர வேறெதுவும் பதியாத பிலிமில் எடுத்து, நிழல் போல ஒரு முகமூடி செய்தாள். பிறகு அதற்கு நேர் எதிரான இன்னொன்று. முதல் ஓட்டத்தில் தொட்டியின் காட்சி பதியும். அவன் வர வேண்டிய இடத்தை மட்டும் முகமூடி மறைத்துக்கொள்ளும். பிலிமைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினால் அந்த ஓட்டைக்குள் அவன் வந்து உட்காருவான். ஒவ்வொரு படத்திலும் அவனை எவ்வளவு கீழே தள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டு, நாற்பத்தெட்டு தடவை கையால் திருகு திருகினாள். அண்டாவில் கல்லைப் போட்டு எடுத்த தண்ணீர்ச் சிதறலைக் கடைசியில் மேலே பதித்தாள்.

முதல் முயற்சியில் தம்பியைச் சுற்றிக் கரிக்கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. இரண்டாவதில் ஒரு படம் பிசகி, ஓட்டை முன்னால் போக அவன் பின்னால் துரத்தினான். மூன்றாவது முயற்சி புதன்கிழமை கழுவி வந்தது. பார்த்தாள். தன் வேலை என்று தெரிந்தும், அவனைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அன்று மாலை எடிட்டரிடம் சொல்லி, அந்த இரண்டு விநாடியை, யூனிட் அன்று போட்டுப் பார்க்கவிருந்த மற்ற காட்சிகளுக்குப் பின்னால் ஒட்டி வைத்தாள். ஒரிஜினல் பார்க்கட்டும், பார்த்து முடித்ததும் சொல்லலாம் என்பது திட்டம்.

திரையில் ஒரு மனிதன் தொட்டியிலிருந்து விழுந்து தண்ணீரைப் பிளந்தான். ஒரிஜினல் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“யாருய்யா என்னைக் கேக்காம இவனைக் குதிக்க விட்டது?” என்று கத்தியவர், அடுத்த நொடி ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிப்பிடித்தார். “ஒத்திகையிலயே குதிச்சுட்டியா! ஆம்பளைடா நீ! இதுவே போதும். வெள்ளிக்கிழமை வேண்டாம்.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “பாத்தியாம்மா, இதுதான் கனம். உன் மெஷின்ல வருமா இது?”

வாயைத் திறந்தவளின் காலை எடிட்டர் மிதித்தார். சொன்னால் என்ன ஆகும்? ‘அதான் பொம்மை மாதிரி இருக்கு’ என்று நிஜமாகவே தொட்டியில் ஏற்றிவிடுவார். வெள்ளிக்கிழமை ரத்தானதே போதும் என்று அக்கா வாயை மூடிக்கொண்டாள். தன் நாலு நாள் உழைப்பை எவனோ தன் முகத்திலேயே தூக்கி அடிக்க, அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தம்பிக்குக் கைகொடுக்க வரிசை நின்றது. பத்திரிகைக்காரர் ஒருவர் பேட்டி எடுத்தார். வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் அவன், “கீழ வர வர காத்து காதுல விர்ருனு அறையும்மா” என்று சொன்னான். மேஜைக்கும் மெத்தைக்கும் நடுவில் எந்தக் காற்று இவனை அறைந்தது என்று அக்காவுக்குப் புரியவில்லை.

மறு வாரம் ஒரிஜினல் யூனிட்டைக் கூட்டினார். உச்சக்கட்டத்தில் ஆலைப் புகைபோக்கி. நூற்றுப் பத்து அடி. கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுவார்களாம். “தொட்டியிலயே குதிச்சவன். இது அவனுக்கு ஜுஜுபி. என்னடா?”

“குதிச்சுடலாம் சார்,” என்றான் தம்பி.

அக்கா அவனைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். “உனக்கு மூளை கலங்கிப் போச்சா? நீ குதிச்சது மேஜைடா!”

“சும்மா இருக்கா. எத்தனை வருஷமா என் முதுகை மட்டும் காட்டிட்டு இருக்கேன்? இப்பதான் என் மூஞ்சியைப் பாத்துப் பேசறாங்க. நான் குதிச்சதை எல்லாரும் பாத்தாங்க.”

பார்த்தார்கள்தான். பார்க்க வைத்தவள் அவள்தான். அவனைக் காப்பாற்ற அவள் மூடிய வாய்தான் இப்போது அவனைப் புகைபோக்கியில் ஏற்றப் போகிறது என்று நினைத்தபோது, ஒரிஜினல் மேலிருந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

உள்ளே போய் எல்லோர் முன்னாலும் சொன்னாள். “சார், அவன் தொட்டியில இருந்து குதிக்கல. அது என் மெஷின்ல செஞ்சது.”

ஒரிஜினல் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி பேர் வாங்கினா பொறுக்கலையாம்மா?” பிறகு அவனிடம் திரும்பினார். “குதிச்சியா, இல்லையா?”

தம்பி சுவரைப் பார்த்தான். “குதிச்சேன் சார்.”

அக்கா லேபுக்குப் போய் மூன்று சுருள்களை எடுத்து வந்தாள். ஆபரேட்டரை விலக்கிவிட்டுத் தானே புரொஜெக்டரில் மாட்டினாள்.

முதல் சுருளில் காலித் தொட்டி. இரண்டாவதில் அதே தொட்டி, அதன் முன்னால் ஆள் வடிவில் ஒரு கறுப்பு ஓட்டை விழுந்துகொண்டே போனது. மூன்றாவதில் வெறும் இருட்டு. அந்த இருட்டில் நரைத்த தலையோடு தம்பி மேஜையிலிருந்து குதித்தான். கைகால்களை உதறினான். மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்து, மெதுவாக எழுந்து, நிதானமாகப் பின்புறத்தைத் தடவிக்கொண்டான்.

சிரிப்பில் அறை அதிர்ந்தது. விளக்கு போட்ட பிறகும் நிற்கவில்லை.

ஒரிஜினல் தொண்டையைச் செருமினார். “எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். ஓரத்துல ஒரு கோடு தெரிஞ்சுது.”

“எந்த ஓரத்துல சார்?” என்று கேட்டாள் அக்கா. “திரைக்கு வந்து தொட்டுக் காட்டுங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் இருந்த தயாரிப்பாளர், புகைபோக்கியையும் இந்தம்மாவே செய்யட்டும் என்றார். அக்காவுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. தம்பி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

இரும்புப் படிக்கட்டின் மேல்படியில் அவனை எட்டிப் பிடித்தாள். அவன் கையை உதறினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

“எல்லாரும் பாத்துச் சிரிக்கிற மாதிரி பண்ணிட்டல்ல? இனிமே நீ எனக்கு அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

தடதடவென்று இறங்கினான். அவளுக்கு அழுகையும் வந்தது, அவன் பிடரியில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது. கடைசி நாலு படியை விட்டுவிட்டு, கோபத்தோடு அவன் ஒரே தாவலாகத் தரையில் குதித்தான்.

“பாத்துடா, சனியனே!” என்று அவள் போட்ட சத்தத்தில் லேபே வெளியே எட்டிப் பார்த்தது.