கரி அடுப்புச் சேமியா

பாரத தேசத்தின் தர்மம் இத்தனை படையெடுப்புகளுக்குப் பிறகும் அழியாமல் நிற்பதற்கு ஒரே காரணம், நம் முன்னோர்கள் கண்ட இடத்தில் கை நனைக்காததுதான். மயிலாப்பூர் ஆசார ரட்சண சபையின் நாளைய கூட்டத்தில் படிப்பதற்காக சுவாமிநாதன் எழுதிய உபந்நியாசம் இப்படித்தான் தொடங்குகிறது. அதை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, ராயப்பேட்டையில் ஒரு சீனர் கடையில் வாசலுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்திருந்தார்.

எதிரே சைதாப்பேட்டைக் கோர்ட்டில் அவரோடு குமாஸ்தாவாக இருக்கும் மாசிலாமணியும் மெஹபூப் அலியும். எதைக் கண்டிக்கிறோமோ அதை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவதுதான் நியாயம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். நாளை சபைக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினோரு வருஷம் காரியதரிசியாக உழைத்தவருக்கு அந்த நாற்காலி வேண்டும். இங்கே பார்த்த எவனாவது போய்ச் சொன்னால் நாற்காலி போயிற்று. ஆகவே மூலையில் பல் குத்திக்கொண்டிருந்த கிழவரைச் சந்தேகித்தார். “நான் இட்டுக்கினு போறேன் சாமி” என்று ஒரு மாதமாக ஆசை காட்டிய மாசிலாமணியைக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகித்தார்.

சீனர் கரி அடுப்பை விசிறினார். வேகவைத்த மாவு இழைகள் சட்டியில் வெங்காயத்தோடு புரண்டு, ஓரம் கருகி, மூன்று தட்டுகளில் வந்து இறங்கின. அந்தப் புகை வாசனைக்கு உபந்நியாசத்தில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“பன்னிக் கொழுப்பு ஏதாச்சும் கீதா?” என்று மெஹபூப் அலி கேட்டார்.

“அந்த சமாச்சாரமே இங்க கெடையாது பாய். நல்லெண்ணெய்தான்,” என்றார் சீனர், ராயப்பேட்டைக்காரராகவே.

சுவாமிநாதனுக்கும் ஒரு கேள்வி இருந்தது. பதில் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை.

மாசிலாமணி சாப்பிட ஆரம்பித்தான். மற்ற இருவரும் தட்டைப் பார்த்தார்கள். மெஹபூப் அலி எதையும் பத்துத் தடவை விசாரித்துச் சாப்பிடுகிற சாயபு, அவர் தொட்டால் தொடலாம் என்பது சுவாமிநாதனின் கணக்கு. மயிலாப்பூர் ஐயர் வாயில் வைத்தால் அதில் ஒரு வம்பும் இருக்காது என்பது மெஹபூப் அலியின் கணக்கு.

“ஓய் மெஹபூப், நீர் ஆரம்பியும்.”

“நீங்க பெரியவங்க சாமி. நீங்க மொதல்ல.”

“சூடா இருக்கோன்னு பாத்துண்டிருக்கேன்.”

“ஆறி ஐஸாயிடுச்சு,” என்றான் மாசிலாமணி. “பொண்ணு மாப்ள மாதிரி இன்னாத்துக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு? வேணாம்னா இப்டித் தள்ளு.” அவன் கை சுவாமிநாதனின் தட்டை நோக்கி நீண்டது.

பதினோரு வருஷ ஆசாரம் அந்தக் கையைப் பார்த்துத்தான் தோற்றது. சுவாமிநாதன் ஒரு பிடி அள்ளினார். உதட்டில் படாமல், செம்புத் தண்ணீர் போல அண்ணாந்து வாயில் விட்டார். பாதி மோவாயில் தொங்கியது. அதைக் கண்டு மெஹபூப் அலியும் பிஸ்மில்லா சொல்லித் தொடங்கினார். இரண்டாம் தட்டை சுவாமிநாதன்தான் கேட்டார். அதையும் வழித்துத் தின்ற பிறகு பழைய கவலை திரும்பியது.

“மாசிலாமணி, இது வெளியில போகப்படாது.”

“நான் யாராண்ட சொல்லப் போறேன்? மயிலாப்பூர் ஆசார சபைக்குத் தலைவராப் போறவரு சீனக் கடையில துன்னாருன்னா எவன் நம்புவான்?”

அடுப்படியிலிருந்து சீனர் திரும்பினார். “சபைக்காரரா? மொதல்லியே சொல்லக் கூடாதா சாமி,” என்று சுவரைக் காட்டினார். ஆணியில் ஒரு சட்டி தனியாகத் தொங்கியது. அதற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தது. “அவங்களுக்குன்னே வெச்சிருக்கேன். அதுல முட்டை போட மாட்டேன்.”

சுவாமிநாதன் காலித் தட்டைப் பார்த்தார். “எவா வரா?”

“மாசா மாசம் கூட்டம் முடிஞ்சதும் நேரா இங்கதான். எட்டுப் பேரு. நாளைக்கிப் புதுத் தலைவர் விருந்து குடுக்கறாராம். போன வாரமே வந்து சொல்லிட்டுப் போனாரு.”

சபையில் சுவாமிநாதனையும் சேர்த்து ஒன்பது உறுப்பினர்கள்.