எல்லை தாண்டிய பிணம்

மரக்காணம் கல்யாண மண்டபத்தில் முந்திரிப் பொங்கல் வாசனையும் அதிகாரிகளின் சென்ட் வாசனையும் கலந்து அடித்தன. தட்சணாமூர்த்தி திரையில் ஓடிய வெள்ள அறிக்கையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

ரெண்டு மாநிலத்து அதிகாரிகளும் ஒண்ணாக உட்கார்ந்து வெள்ளத் தடுப்பையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் ஆராய்ந்து எழுதினார்களாம். உப்பளத்துக்கு வந்த பூநாரைகளுக்கு மட்டும் ரெண்டு பக்கம், கலர் படத்தோடு. அப்புறம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 'உயிரிழப்பு: 0'. சட்டென்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள், பாவிங்க.

அப்போ அவன் கூட்டாளி மண்ணாங்கட்டி எங்கே போனான்?

போன டிசம்பர் மழையில் ஓடையில் தண்ணீர் மளமளவென்று ஏறினதை முதலில் பார்த்தவன் தட்சணாமூர்த்தி. அங்கே நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்துச் சொல்வதுதான் அவனுக்குத் தினக்கூலி வேலை. எல்லையில் இருக்கிற மதகு ஷட்டரை மூடுங்க, ஓடைத் தண்ணி உப்பளத்துக்குள்ள வருது என்று ரெண்டு மாநிலத்துக்கும் பொதுவான வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். உடனடி நடவடிக்கை எடுக்கப்படும் என்று ரெண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது. அதை நம்பித் தொலைத்தான். உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்த கூட்டாளி மண்ணாங்கட்டிக்குப் போன் பண்ணி, பதறாத, உப்பை மூடிட்டு மெதுவாவே வா என்றான். அவங்க மூடுவாங்க என்று இவங்களும், இவங்க மூடுவாங்க என்று அவங்களும் ஷட்டரைத் தொடவேயில்லை.

வெள்ளம் இழுத்துப் போன மண்ணாங்கட்டியின் பிணம் மூணாம் நாள் எல்லைக்கு அந்தப் பக்கம் கரை ஒதுங்கியது. செத்தது உங்க ஊர்லதானே என்று அந்தப் பக்கம் கைவிரித்தது. கிடைச்சது உங்க கரையிலதானே என்றது இந்தப் பக்கம். அவன் பெண்டாட்டி பாப்பாத்தி நிவாரணம் கேட்டுப் பத்து மாசமாக ரெண்டு மாநிலத்து ஆபீசுக்கும் நடையாய் நடந்தாள். இந்த அறிக்கையிலும் பேர் ஏறாவிட்டால் அவன் வெள்ளத்தில் சாகவே இல்லை என்று ஆகிவிடும். இப்போது மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒத்தையாக உட்கார்ந்திருந்தாள்.

அளவு பார்த்தவன் என்பதால் தட்சணாமூர்த்தியும் அச்சடித்த அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டுமாம். இன்ஜினியர் பேனாவை நீட்டினார். அவன் வேலையை பர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுதியிருப்பதாகக் காதோடு சொல்லிப் பல்லைக் காட்டினார். த்தூ, இதுவும் ஒரு சிரிப்பா!

தட்சணாமூர்த்தி எழுந்து நேராகப் பாப்பாத்தியிடம் போனான்.

"நான்தாம்மா அவனை மெதுவா வரச் சொன்னேன்," என்றான். பத்து மாசமாக யாரிடமும் சொல்லாத பேச்சு.

பாப்பாத்தி நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும்ணா. 'தட்சணா சொல்லிட்டான், பயமில்ல'ன்னு அவரு எனக்குப் போன் பண்ணாரு."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

திரும்பி வந்து அறிக்கையை இழுத்து சைபரை அடித்தான். பக்கத்தில் மண்ணாங்கட்டி, வயசு முப்பத்தெட்டு என்று எழுதினான். மூடச் சொல்லியும் யாரும் ஷட்டரை மூடவில்லை, மூடுவார்கள் என்று நம்பி அவனை அங்கேயே இருக்கவிட்டவன் நான் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"ஏம்பா, இது ஒரிஜினல்!" என்று இன்ஜினியர் பதறினார்.

"தெரிஞ்சுதான் சார் இதுல எழுதுனேன்."