ஆளில்லாத வீட்டில் ஈரம்

கோடையில் மட்டும் ஆட்கள் வந்து தங்கும் வீடுகளை மற்ற மாதங்களில் போய்ப் பார்த்து, பத்திரமாக இருக்கின்றனவா என்று சொல்வது என் வேலை. நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டில் ஆணியில் சாவிப் பை தொங்கும். சாவி வேறு கைக்குப் போனால் அன்றே வேலை போய்விடும். சேர்ந்தபோது மேலாளர் சொன்ன ஒரே விதி அது.

எந்த வீட்டிலும் முதலில் குளியலறைக்குப் போவேன். தரை ஓட்டைக்கு அடியில், வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அது ஆவியாகிவிட்டால் சாக்கடை நாற்றம் மேலே ஏறும். அதனால் ஒரு குவளை ஊற்றிவிட்டு வருவேன்.

பச்சைக் கதவு வீட்டில் ஊற்றத் தேவையிருக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. குழாய் எதுவும் ஒழுகவில்லை. ஜன்னல் கொக்கிகள் போட்டபடியே இருந்தன. ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. அடுத்த முறையும் அப்படியே. கூடத்தில் சோபாவுக்கு முன்னால் மட்டும் தூசி இல்லை. திருடன் துடைத்துவிட்டா போவான்?

மேலாளரிடம் சொன்னேன்.

"பேயா இருக்கும்மா. சுத்தம் பாக்குற பேய். வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னை நிறுத்திட்டு அதையே வச்சுக்குவாங்க."

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

"பச்சைக் கதவு வீட்டுக்குக் கரண்ட் பில் கூட வந்திருக்காம். ஆளில்லாத வீட்ல மோட்டர் எப்படி ஓடும்னு அந்தம்மா கேக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லு. இல்லன்னா சாவியக் கொண்டுவந்து வச்சிடு."

பையை எடுத்தேன். பச்சைக் கதவுச் சாவி அதில் இல்லை. கதவிலேயே விட்டுவிட்டேனோ என்று ஓடினேன். கதவில் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டினேன். ஆளில்லாத வீட்டைத் தட்டுகிறோமே என்று தோன்றியபோது உள்ளே காலடிச் சத்தம் கேட்டது.

தலையில் துண்டுடன் அக்கா கதவைத் திறந்தாள்.

"இன்னிக்கு உன் முறை இல்லையேடி!"

"நீ தையல் கிளாஸுக்குல்ல போனே?"

"நான் ஒரு ஊசியாவது கோத்து நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. தையல் வகுப்பிலிருந்து அவள் ஈரத்தலையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். வியர்வை என்று நினைத்தேன்.

"குளிக்க வருவேன்," என்றாள். "நம்ம வீட்ல குளிச்சா மாமியார் தட்டுவாங்க, சின்னவன் தட்டுவான், உங்க மாமா சீப்பு எங்கன்னு தட்டுவாரு. இங்க ஒரு ஈ, காக்கா தட்டாது."

"குளிச்சிட்டு?"

"உக்காந்திருப்பேன்."

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

போன் அடித்தது. மேலாளர்.

"பூனைன்னு சொல்லிடு," என்றாள் அக்கா.

"பூனை மோட்டர் போடுமா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையும் சரியாக வராது.

"சார், எங்க அக்கா."

"உங்க அக்காவா? என்ன எடுத்தாங்க?"

"ஒண்ணும் எடுக்கல சார். குளிச்சாங்க."

"ஏம்மா, உங்க வீட்ல தண்ணி வர்றதில்லையா?"

"வருது சார்."

"எனக்கே ஒண்ணும் புரியல. அந்தம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது? எல்லாச் சாவியையும் கொண்டு வந்துடும்மா."

வைத்துவிட்டார்.

"போச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"போச்சு."

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்ததா என்று தெரியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா சரின்னிருப்பியா?"

"மாட்டேன்."

"நான் வந்து அவர்கிட்ட பேசுறேன்."

"என்னன்னு பேசுவே?"

அக்கா உள்ளே போனாள். துணி போர்த்திய சோபாவில் மெல்ல உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். நானும் உட்கார்ந்தேன். எதிரே வெறும் சுவர்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

அக்கா கண்ணை மூடியிருந்தாள்.