உப்பு வந்த வழி

1

மாரியாயி மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். கமலநாதனின் இறால் குளத்துக் கரையில் ஒரு முழத்துக்கு வாய் பிளந்தது.

"அக்கா, வெட்டாதீங்க! நான் மதகுக் கதவத் தொடவே இல்ல லா!"

"நீ தொடாம? உப்பு பஸ் புடிச்சா வந்துச்சு?"

(நகரத்தில், பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். காது வழி வந்த கதை இல்லை. மாரியாயி என் கூடப்பிறந்த அக்கா. கிள்ளானைத் தாண்டி, கேரி தீவு போகும் சாலையோரம் அவள் கரையை வெட்டியபோது நானும் அங்கே இருந்தேன்.)

2

வானம் பொய்த்த அந்த மார்ச் மாதத்தில்...

வேண்டாம். வானத்தைத் திட்டினால் யாருக்கு உறைக்கும்?

ஏழு வாரம் மழை இல்லை. அக்கா தன் தோட்டத்தில் கீரையை விட்டு வெண்டைக்கு மாறினாள். பாத்தி காயாமலிருக்க எண்ணெய்ப்பனைச் சக்கையைப் பரப்பினாள். கடலுக்குப் போகும் வாய்க்காலின் மதகைப் பூட்டி, மிச்சமிருந்த மழைத்தண்ணீரைத் தேக்கினாள். தினமும் அதை விரலில் தொட்டு நக்கி, கரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் பம்பைப் போடுவாள். குளிர்சாதன அறையில் கூட்டம் போட்டு, 'விவசாயிகள் மாறிக்கொள்ள வேண்டும்' என்று பேசும் துரைமார்களே, இன்னும் எதை மாற்றச் சொல்கிறீர்கள்? நாக்கையா?

ஒரே ஒரு நாள், காய்ச்சலில், நக்காமல் போட்டுவிட்டாள். மறுநாள் வெண்டை இலையெல்லாம் ஓரம் கருகிக் கிடந்தது. வாய்க்கால் முழுக்க உப்பு.

3

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வில்லன் இல்லாமல் கை ஓடாது. கமலநாதன் தோதாக இருந்தான். இறாலுக்கு உப்புத்தண்ணீர் வேண்டும். மதகும் அவன் குளத்துக்குப் பக்கத்தில்.

"போய்ப் பூட்டப் பாத்துட்டு வாடா" என்று என்னை அனுப்பியவள், நான் திரும்புவதற்குள் வெட்டத் தொடங்கியிருந்தாள்.

"ஒடச்சிருக்கானா?"

ஆமென்று தலையாட்டினேன்.

அடுத்த வெட்டில் கரை போனது. இறால்கள் சேற்றில் துள்ளின. கமலநாதன் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நெசமாவே பாத்தீங்களா?"

[இங்கே என் பதில் வர வேண்டும். நான்கு தடவையும் வரவில்லை.]

4

முடிவு ஒன்று: கமலநாதன் போலீசுக்குப் போகிறான். முடிவு இரண்டு: இருவரும் சமாதானமாகி... சீ, கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஊர் கூடி, மதகுப் பூட்டை உடைத்தான் என்று அவனைக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்போகிறது. சாட்சி நான். எரிகிற வயிற்றுக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அக்காவுக்கும் எனக்கும். நான் வெள்ளிக்கிழமை என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்களிடமும் மறைத்த ஒன்று.

பூட்டு உடையவில்லை. கதவு இம்மியும் திறக்கவில்லை. கதவின் தலைக்கு ஒரு சாண் மேலே, சிமெண்டுத் தூணில், ஈரம் காயாத சேற்றுக்கோடு. கடல் மேலேறித் தாண்டி வந்திருந்தது.